நான்காவது கோடு

நாளெல்லாம் நடுங்கும் இரும்பின் மேல் நிற்பவள் நான்.
ஹெல்டெர்மா துறையிலிருந்து எதிர்க்கரைக்கு
ஒன்றேகால் மணி நேரம்.
லாரிச் சக்கரத்துக்கு ஆப்பு வைப்பேன், கயிறு வீசுவேன்.
டீசலின் அதிர்வு உள்ளங்கால் வழியே ஏறி
முழங்காலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
அதை நான் நடுக்கம் என்று சொல்வதில்லை.
அது நின்றால்தான் பயம்.

இந்த ஜாவாவின் நடுக்கம் வேறு ரகம்.
அறுபதில் விரல் மரத்துப்போகும்.
எழுபதில் பக்கக் கண்ணாடிக்குள்
உலகம் கடைந்த மோராகும்.
எண்பதைத் தொட்டதும் வால் ஆடத் தொடங்கும்,
மெல்ல,
கொட்டிலுக்குத் திரும்ப மனமில்லாத
பசுவின் இடுப்பைப் போல.

"விற்றுத் தொலை, விர்வே" என்றான் டொய்வோ,
வேலிக்கு அப்பால் மீன் செதில் சுரண்டிக்கொண்டே.
"வண்டிக்கு ஐம்பது. உனக்கு நாற்பத்தாறு.
ரெண்டில் ஒன்றாவது நேராகப் போக வேண்டாமா?"

முதலில் டயரைக் குற்றம் சொன்னேன்.
நடுவில் தேய்ந்து பலகைபோல் தட்டையாகியிருந்தது.
மாற்றினேன். ஆடியது.

பிறகு கழுத்து.
பீர் பெட்டி மேல் எஞ்சினை ஏற்றி
முன்சக்கரத்தை அந்தரத்தில் விட்டு
ஹேண்டிலை ஒரு விரலால் தள்ளினேன்:
நேர்ப்பாதையில் வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றது.
எத்தனை ஆண்டு நேராகவே ஓடியிருந்தால்
இரும்பில் அப்படி ஒரு குழி விழும்!
புதுக் கிண்ணம், புதுக் குண்டுகள், நிறைய கிரீஸ்.
ஒரு குண்டு உருண்டு சரளைக்குள் போனது.
அரை மணி நேரம் முட்டிபோட்டுத் தேடினேன்,
கிடைத்தது, என் பூட்ஸ் மடிப்பிலேயே.
ஆடியது.

பின்கையின் புஷ். பழையதைத் தட்டி எடுக்கச்
சுத்தியலும் ஒரு ஞாயிறும் கெட்ட வார்த்தைகளும்.
ஆடியது.
கொஞ்சம் குறைவாக என்று நானே சொல்லிக்கொண்டேன்,
டாக்டரிடம் பொய் சொல்கிறவளைப் போல.

ஜூன் மாதம். இரவு பதினொன்றுக்கும்
ஊசியில் நூல் கோக்கும் வெளிச்சம்.
டொய்வோவிடம் தூண்டில் நரம்பு கேட்டேன்.
"நேற்றுத்தான் சுற்றினேன். முடிச்சுப் போட்டால் கொலை" என்றான்.
பின்டயரின் முதுகில் கட்டி
இரண்டு பக்கமும் முன்சக்கரம் தாண்டி இழுத்து
இரண்டு கற்களில் இறுக்கினேன்.
முன்டயருக்கும் நரம்புக்கும் நடுவே
இடது பக்கம் மூன்று நாணயம் நுழைந்தது.
வலது பக்கம் ஒரு கப்பல் சீட்டுகூட நுழையவில்லை.

ஆனால் அச்சாணி சரியாகத்தானே இருக்கிறது?
இந்தப் பக்கம் நான்காவது கோடு,
அந்தப் பக்கமும் நான்காவது கோடு.
ஒவ்வொரு முறை செயினை இழுத்தபோதும்
எண்ணி எண்ணி வைத்தது.
அளவுகோல் எடுத்துக் கோடுகளையே அளந்தேன்.
இடது பக்கத்துக் கோடுகள் எல்லாம்
மூன்று மில்லிமீட்டர் பின்னால்.

எந்தத் திங்கட்கிழமைக் காலையில்
எவன் உளி பிடித்தானோ.
எனக்கு முன் இதை ஓட்டியவர்கள் அத்தனை பேரும்
கோட்டை நம்பி, தங்கள் கையைச் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

அரத்தால் ஒரு புதுக்கோடு கீறினேன், கோணலாக, ஆழமாக.

நடுக்கத்துக்குக் காரணம் அதைவிட அற்பம்.
எஞ்சினை முன்னால் பிடித்திருக்கும் போல்ட்டின் துளை
முட்டை வடிவமாக அகன்றிருந்தது.
இடைவெளியில் யாரோ திணித்த
பீர் டப்பாத் தகடு, எழுத்து இன்னும் அழியாமல்.
துளையைக் கடைந்து பருத்த போல்ட் போட்டேன்.
தகட்டை மட்டும் ஏனோ எறியவில்லை.

காலையில் கஸ்ஸாரிச் சாலை.
இருபுறமும் நாணல், ஜூனிப்பர் புதர்,
தண்ணீரில் இன்னும் எழுந்திருக்காத அன்னங்கள்.
எண்பது.
எண்பத்தைந்து.
வால் சும்மா இருந்தது.
இடது கால்மிதியில் மட்டும் மெல்லிய ரீங்காரம்.
இருக்கட்டும், என் முழங்காலுக்கு அது பழக்கம்.

கண்ணாடியைப் பார்த்தேன். மோர் இல்லை.
பளிச்சென்று, பின்னால் வெகு தூரத்தில்
டொய்வோவின் நீல வேன்,
முகப்பு விளக்கை அணைத்து அணைத்துப் போட்டபடி.
ஒரு பெரிய கல்லை இழுத்துக்கொண்டு
அவனுடைய தூண்டில் நரம்பு
என் பின்சக்கரத்திலிருந்து நீண்டு வந்துகொண்டிருந்தது.