வளைந்து வந்தால் அரை

முதல் வருடம்
ஒரே ஒரு எக்ஸ்தான் இருந்தது.
நீடாமங்கலம் ரயில்வே கேட் மாதிரி.
இந்தப் பக்கம் நின்றால் இடது எல்லை,
அந்தப் பக்கம் நின்றால் வலது எல்லை,
இரண்டும் ஒன்று என்றால்
கேட் திறக்கும், பஸ் போகும்.

எண்பத்தேழு வாங்கினேன்.
தொகையிட்டு முடித்தபின்
கடைசியில் ஒரு மாறிலி சேர்க்க மறந்ததில்
மூன்று மதிப்பெண் போனது.
நான் தொலைக்கக்கூடியது அவ்வளவுதான்
என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பருவம். மன்னார்குடி.
மின்விசிறி சுற்றாத ஜூலை.
கரும்பலகையில் எக்ஸுக்குப் பக்கத்தில்
ஒய் வந்து உட்கார்ந்தது,
இடம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல்.

அதற்குப் பிறகு ஒரு புள்ளிக்கு
இரண்டு பக்கம் என்பது இல்லை.
சாய்வு என்ன என்று கேட்டால்
எந்தத் திசையில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.
போன வருடம் கேட்டிருந்தால்
திமிர் என்றிருப்பார்கள்.

பகுதி வகைக்கெழு மட்டும் சீக்கிரம் பிடிபட்டது.
ஒன்றை நகர்த்தும்போது
மற்றதை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.
அப்பாவின் கூட்டுறவுக் கடனை
மாறிலி என்று வைத்துக்கொண்டுதானே
கல்லூரி விண்ணப்பத்தையே நிரப்பினேன்.

உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஒரு கணக்கு.
மேலே எக்ஸ் வர்க்கம், பெருக்கல் ஒய்.
கீழே எக்ஸின் நான்காம் அடுக்கு, கூட்டல் ஒய் வர்க்கம்.
ஆதியை நெருங்கும்போது எல்லை உண்டா?

எக்ஸ் அச்சில் போனேன். பூஜ்ஜியம்.
ஒய் அச்சில் இறங்கினேன். பூஜ்ஜியம்.
குறுக்கே போனேன், செங்குத்தாய்ச் சாய்ந்து போனேன்,
எந்தச் சாய்வு வைத்தாலும்
அதே பூஜ்ஜியம்.
இத்தனை நேர்கோடுகள் ஒரே சாட்சி சொன்னால் போதாதா?
எல்லை உண்டு, அது பூஜ்ஜியம்
என்று எழுதி அடிக்கோடிட்டேன்,
ஸ்கேல் வைத்து.

பத்துக்கு இரண்டு.
ஓரத்தில் சிவப்பு மையில்
பரவளையத்தில் போய்ப் பார்த்தாயா?

பஸ் ஸ்டாண்டு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து
போய்ப் பார்த்தேன்.
ஒய் இருந்த இடத்தில் எக்ஸ் வர்க்கம்.
மேலே எக்ஸ் நான்கு, கீழே இரண்டு எக்ஸ் நான்கு.
அரை.
இன்னும் கிட்டே போனால் அரை.
ஆதியின் வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதும்
அரை.

பக்கத்தில் மகபூபா போனில் கத்திக்கொண்டிருந்தாள்.
முத்துப்பேட்டைக்கும் அந்தப் பக்கம் அவள் ஊர்,
கடைமடை.
மேட்டூர் திறந்து முப்பத்தெட்டு நாள்.
எங்கள் ஊர் மூணாறு தலைப்பில்
வெண்ணாறு மூன்றாய்ப் பிரிந்து
நுரை தள்ளிப் போவதைக் காலையில்தான் பார்த்தேன்.
அவள் அண்ணன் நாற்றங்காலில்
கால் விரல் நுழையும் அளவு வெடிப்பு.
அந்த ஊர் வாய்க்காலுக்கு அளவு உண்டு, முறை உண்டு,
நேராக வெட்டிக் காரை பூசியிருக்கிறார்கள்.
கடைசி மதகில் பூஜ்ஜியம்.

"வந்துடுச்சாம்" என்றாள்.
"எந்த வாய்க்கால்ல?"
"வாய்க்கால்லயா? அதுல காக்கா குளிக்கக்கூடத் தண்ணியில்ல.
மேல வயல்லேருந்து கசிஞ்சு, வடிகால்ல எறங்கி,
கருவக்காட்டைச் சுத்திக்கிட்டு
பள்ளிவாசல் குளத்துக்குப் பின்னால வந்திருக்கு."
"நல்லதுதானே."
"பாதி நெலம் நனையும்.
மீதிக்கு என்னடி பண்றது?"

விடைத்தாளை அவளிடம் காட்டலாம் என்று எடுத்தவள்
மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எல்லை இல்லை.
அதுதான் சரியான விடை, பத்து மதிப்பெண்.
போன வருடம் இல்லை என்று எழுதினால்
கணக்கு வரவில்லை என்று அர்த்தம்.

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
இஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டுநர்
வெற்றிலை மடித்தார்.
இந்தப் பக்கம் நாங்கள்,
அந்தப் பக்கம் அவர்கள்,
நடுவில் வராத ரயில்.
தோளில் சைக்கிளோடு ஒருவர்
பள்ளத்தில் இறங்கி, புதரைச் சுற்றி,
எங்கோ ஏறி,
பெல் அடித்துக்கொண்டே போய்விட்டார்.