இலக்கம் இருபத்தாறு

மல்லாவி ஆஸ்பத்திரியின் கடைசிப் பாதரசப் பிறஷர் மானியை
சோளகம் அடித்த கதவு தட்டிவிட்டது.
பற்றரியில் ஓடுகிற புதியது வந்தும்
நான் கைவிடாமல் வைத்திருந்த பழசு.

சீமெந்துத் தரை முழுக்க வெள்ளி முத்து.
"தொடாதேங்கோ, நஞ்சு!" என்று கத்துகிறேன்.
வாங்கில் இருந்த சாமி எழும்பிவிட்டார்,
புண் காலை இழுத்தபடி.

பனங்காமம் பக்கக் காட்டில் இருக்கிறாராம்.
காவி என்று சொல்லமுடியாது, மண் நிறத்தில் ஒரு சாரம்.
சீனி முந்நூற்றி நாற்பது.
வலது பெருவிரல் கறுத்துக்கொண்டு வருகிறது.
ஈயத்தை எரித்துப் பொன் காணப்
பதினேழு வருசம் ஊதின துருத்தி
நெஞ்சுக்குள் இப்போதும் வேலை செய்கிறது:
நாலு எண்ண உள்ளே, பதினாறு எண்ண நிற்கும்,
எட்டில் வெளியே.
கழுத்தில் குழலோடு நின்று நானும் எண்ணினேன்.

எருக்கலை இலை ஒன்று கேட்டார்.
ஜெனார்த்தன் ஓடிப்போய்ப் பிடுங்கி வந்தான்.
கூட்டத் தொடங்கினார்.
துளி ஒவ்வொன்றிலும் ஒரு ரியூப்லைற், ஒரு யன்னல்,
மூக்குப் பெருத்த ஒரு நான்.
இரண்டு துளி முட்டும்; நடுங்கும்;
பிறகு எந்த நான் எந்தத் துளியில் இருந்தது
என்று கேட்க ஆளில்லை.

"கட்டினீங்களோ சாமி, எப்பவாவது?"
"ஒருக்கா. விடியமுன்னம். மணி மாதிரி இறுகிச்சுது.
நான் கட்டீட்டன் எண்டு நினைச்சன்.
நினைச்ச உடன ஓடீட்டுது."
சிரித்தார். பல் இரண்டு இல்லை.

பிறகு அட்டை.
பேர்?
"அந்தாளுக்கு நானே எள்ளுந் தண்ணியும் இறைச்சாச்சு, பிள்ளை."

இந்த மேசையில் செத்தவர்களைப் பதிந்திருக்கிறேன்.
பிறந்து பேர் வைக்காததுகளையும்.
அண்ணனை எந்த நிரலில் எழுதுவது என்று
ஒருவரும் இன்னும் சொல்லவில்லை.
தன்னைத் தானே முடித்துவிட்டு
இலக்கம் இருபத்தாறோடு வரிசையில் இருப்பவரை
என்ன செய்ய?

வெறுமையாக விட்டேன். கணினி ஏற்கவில்லை.
இடைவெளி அடித்தேன். ஏற்கவில்லை.
ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றது.

"புள்ளி!" என்று மருந்தாளர் நிர்மலேந்திரன்
யன்னலால் கூப்பிடுகிறார், சனம் சிரிக்க.
சாமி எழும்பிப் போய் மெற்போமின் வாங்கினார்.
சாப்பாட்டுக்கு முன்னமோ பிறகோ என்று
இரண்டு தரம் கேட்டார்.

மிச்ச ரசம் பெனிசிலின் குப்பிக்குள்,
என் லாச்சியில்.
இரவுக் கடமையில் எடுத்து ஆட்டிப் பார்ப்பேன்.
ஓடுகிறது.
மூக்கு மட்டும் தெரிகிறது.