எடைப்பாலம்

லாரி ஏறி நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.
மேலே நாலு வரிசை பழுத்த குலை
செக்கச்செவேலென்று சிரிக்கும்.
அடியில் கறுப்புக் காய்,
காம்பு நறுக்காதவை,
சில நாள், எடை கூட, ஹோஸ் பிடித்து நனைத்த ஈரம்.
ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
பத்தொன்பது வருஷமாக எடைக் கிராணி.
ஆ லியோங் கீழே இறங்காமல்
"ஒன்னும் இல்லக்கா" என்றால்
அன்றைக்கு ஏதோ இருக்கிறது.

இன்று காலை ஒரு மின்னஞ்சல்.
சேமநிதியில் என் கணக்கில்
பதினோராயிரத்து நானூறு வெள்ளி
கேட்பாரற்றுக் கிடக்கிறதாம்.
மாலை ஐந்துக்குள்
நீல எழுத்தை அமுக்கினால் போதுமாம்.
உச்சியில் சின்னம், முத்திரை,
அதிகாரியின் வளைந்த கையெழுத்து.
எல்லாம் மேல்வரிசைக் குலை.

குனிந்து அடியைப் பார்த்தேன்.
"மதிப்புக்குரிய வாடிக்கையாளரே."
இவ்வளவு பணம் எடுத்து வைத்தவருக்கு
என் பெயர் தெரியவில்லை.
அனுப்பியவர் முகவரியில்
அரசாங்கத்தின் பேருக்குப் பின்னால்
யாரோ கோடு போட்டு வால் ஒட்டியிருந்தார்கள்.
மௌஸை நீல எழுத்தின் மேல் வைத்தேன், அமுக்காமல்.
ஓரத்தில் எட்டிப் பார்த்தது
வேறேதோ ஊர் விலாசம்.
அப்புறம் அந்த ஐந்து மணி.
சேமநிதி என்றைக்கு அவசரப்பட்டது?
அவர் போன வருஷம் அதே முகப்பில்
ஏழு தடவை நம்பர் எடுத்து உட்கார்ந்தவள் நான்.

கெட்டிக்காரி என்று சொல்லிவிடாதீர்கள்.
போன தீபாவளிக்கு முந்தைய வாரம்
உங்கள் பொட்டலம் சுங்கத்தில் நிற்கிறது,
ஆறு வெள்ளி கட்டுங்கள் என்று வந்தது.
அட்டை எண்ணைத் தட்டியது
இந்த விரல்தான்.
ஆறு வெள்ளியோடு
இரண்டாயிரத்து முந்நூறும் போனது.
பணம்கூடப் பரவாயில்லை.
நான் எதுவும் வாங்கியிருக்கவில்லை.
யாரோ எனக்கு
ஏதோ அனுப்பியிருக்கிறார்கள்
என்று நினைத்துவிட்டேன்.

ஒருவரிடமும் சொல்லவில்லை,
இன்று பத்து மணித் தேநீர் வரைக்கும்.
ஆய்வுக்கூடத்துத் தயாநிதி
கைபேசியை நீட்டினான்.
அதே சின்னம், அதே நீலம்,
அதே பதினோராயிரத்து நானூறு.
கட்டைவிரல் கண்ணாடிக்கு மேலே
ஒரு அரிசி உயரத்தில்.
"மோட்டார் தவணை நாலு மாசம் நிக்குதுக்கா."
பொய் என்றேன். கேட்கவில்லை.
முகவரியைக் காட்டினேன். "இருந்தாலும்" என்றான்.
அதற்குமேல் என்னிடம் இருந்தது
அந்த ஆறு வெள்ளிதான்.
அதைச் சொன்னேன்.
பொட்டலத்தை எதிர்பார்த்து
இரண்டு நாள் வாசல் விளக்கை அணைக்காததையும்.

விரலை எடுத்துக்கொண்டான்.
தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது.
இருவரும் சேர்ந்து வங்கிக்கும்
சேமநிதிக்கும் தகவல் சொன்னோம்.

வெளியே ஹாரன். ஆ லியோங்.
"ஒன்னும் இல்லக்கா."
கொக்கியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
இன்றைக்கு நிஜமாகவே ஒன்றும் இல்லை.
இருந்தாலும்
அடிவரை பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்
எடையை.