மே பதினான்கு

கிரிம்ஸ்பி மீன் கிடங்கில் பதினேழு வருஷம்
நான் பார்த்தது ஒரே வேலை:
உறைந்த பெட்டிகளின் விலாவில்
தேதி குத்துவது.
தேதி பிசகினால் லாரியே திரும்பி வந்துவிடும், கிளெனிஸ்,
என்பார் மேஸ்திரி ராய்ஸ்டன்.

இப்போது இந்தக் கைக்கு
முத்திரைக் கட்டை கனவு.
தேநீரையே பாதிக் கோப்பைதான் ஊற்றுகிறேன்,
அதையும் இரண்டு கையால் தூக்குகிறேன்.

பரிசோதிக்க வந்த பெண் நல்லவள்தான்.
அழகான நாய், பேரென்ன என்றாள்.
ஹாடக் என்றேன்.
மீன் பேரா என்று அவள் சிரிக்க
நானும் சிரித்துவைத்தேன்.
ஆறு வாரம் கழித்துப் பழுப்பு உறையில்
திரும்பி வந்தது அந்தச் சிரிப்பு.
நாய் வளர்க்கிறார், எனவே குனிய முடிகிறது.
எனவே நடக்க முடிகிறது.
கலகலப்பாகப் பேசினார்.
மதிப்பெண் பூஜ்யம்.
தேதி: மே பதினான்கு.

பள்ளிக்கூடத்தில்கூட நான் பூஜ்யம் வாங்கியதில்லை.
பூகோளத்தில் பதினொன்று வாங்கினேன்,
அதற்கே அப்பா இரண்டு நாள் பேசவில்லை.

ஹாடக்கை நடத்திப் போவது
எதிர்வீட்டு ஜெத்ரோ.
சம்பளம், ஒரு பொட்டலம் சிப்ஸ்.
இதை யாரும் கேட்கவில்லை.

மேல்முறையீட்டுக்கு முன்னால்
அவர்களையே இன்னொரு தரம் யோசிக்கச் சொல்ல வேண்டுமாம்.
பதினோரு வாரம் யோசித்தார்கள்.
அதே பூஜ்யம்,
புது உறை.

பிறகு தீர்ப்பாயம்.
பிறகு தொலைபேசி.
உருளைக்கிழங்கு வெந்து, தின்று, தட்டும் கழுவியாயிற்று;
அதே வயலின், அதே இடத்தில் தடுக்கி
மறுபடி முதலிலிருந்து.
கடைசியில் ஒரு பையன் குரல்:
உங்கள் வழக்கு வரிசையில் இருக்கிறது.
வரிசை எவ்வளவு நீளம், கண்ணு?
அது எங்கள் திரையில் தெரியாது, மேடம்.

கார் முதலில் போயிற்று.
உதவித்தொகையோடு முடிச்சுப் போட்ட கார்.
சாவி வாங்க வந்தவர்
இருக்கையில் நாய்முடி இருப்பதைக்
குறித்துக்கொண்டார்.
அப்புறம் மாடிப்படி போயிற்று.
படி அங்கேயேதான் இருக்கிறது,
நான்தான் ஏறுவதில்லை.
கட்டில் சமையலறை வாசலுக்கு வந்தது.
பிப்ரவரியில் ஹாடக்,
லௌத்தில் என் தங்கை வெர்னாவிடம்.
டின் உணவு விலை ஏறியதென்று
அவளிடம் சொன்னேன்.
எனக்கும் சேர்த்து ஏறியதைச் சொல்லவில்லை.

நாற்பத்தோராவது வாரம் கூப்பிட்டார்கள்.
இலாகாவிலிருந்து ஒரு தாள் வந்து சேரவில்லையாம்,
வாய்தா.
இன்னும் ஒன்பது வாரம்.

மூன்று பேர், ஒரு தண்ணீர்க் குடுவை.
டாக்டர் கேட்டார்: நாய் எப்படி இருக்கிறது?
நான் கட்டிலைச் சொன்னேன், படியைச் சொன்னேன்,
போன வாரம் குளியலறையில் விழுந்ததைச்
சொல்ல வாயெடுத்தேன்.
நீதிபதி மெதுவாகக் கையை உயர்த்தினார்.
இன்றைய நிலைமை வேண்டாம், அம்மா.
சட்டம் எங்களைப் பார்க்கச் சொல்வது
முடிவெடுத்த அந்த நாளை.
சென்ற வருஷம் மே பதினான்கு.

அதற்குப் பிறகு நான் கெட்டுப்போனதெல்லாம்
பெட்டிக்கு உள்ளே.
அவர்கள் படிப்பது விலாவை.
குத்தத் தெரிந்தவள் நான், கோபித்துக்கொள்ள முடியுமா?

சரி, உறைபனியிலிருந்து எடுத்தேன் அந்த நாளை.
மழை.
ஹாடக்கின் டின்னைத் திறக்கப் பார்த்தேன்,
வளையத்தில் விரல் நிற்கவில்லை.
கத்தி வழுக்கிற்று.
மூடிய டின்னை அது நக்கிக்கொண்டே இருந்தது,
நாலு மணிக்கு ஜெத்ரோ பள்ளிவிட்டு வரும்வரை.
அன்று மதியம் நானும் சாப்பிடவில்லை,
அதன் எதிரில் எப்படிச் சாப்பிடுவது?

டாக்டர் எழுதினார்.
என்ன எழுதினார் என்று
தலைகீழாகப் படிக்க முடியவில்லை.
முடிவு தபாலில் வரும் என்றார்கள்.

வெளியே பஸ் நிறுத்தப் பலகையில்
நான்கு நிமிடம் என்றிருந்தது.
நான்கு நிமிடத்தில் வந்தது.
ஓட்டுநர் படியைத் தரைவரை தாழ்த்திவிட்டு
இஞ்சினை அணைத்தார்.
மெதுவா வாங்க என்றார்,
நான் நிற்கிறேன்.