நாலு நம்பர் சீட்டின் பின்பக்கம்

ஈசூன் ரிங் ரோட்டுக் காப்பிக்கடையில்
பகல் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே
கைப்பேசி ஊமையாகிவிடும்.
அந்த இரண்டு மணி நேரத்தில்
நாங்கள் ஒரு நிறுவனம் தொடங்கினோம்.

முதலீடு: ஒரு நாலு நம்பர் சீட்டின் பின்பக்கம்,
பானக்கடை அக்கா இரவல் கொடுத்த பேனா.

பங்குதாரர்கள் மூவர்.
ரஸ்லானுக்கு மோட்டார் சைக்கிள், பாதிக் கடனில்.
சியூ லெங்குக்கு மின்சைக்கிள், கூடுதலாக ஒரு பேட்டரி.
நான் நடை.
செயலியில் என் பிரிவின் பெயரே அதுதான்.
தமிழில் கால்நடை என்றால் மாடு என்பதை
இவர்களிடம் இதுவரை சொல்லவில்லை.
ஷென்டன் வேயில் பதினாறு வருஷம் கணக்கெழுதிய கை என்பதால்
பேனா என்னிடம் வந்தது.

“நூறு வெள்ளி வசூலானால்
கம்பெனி முப்பதை வைத்துக்கொள்கிறது.
நமக்குப் பத்து போதும்,” என்றான் ரஸ்லான்.
முதல் வரி எழுதினேன்:
ஓட்டுகிறவருக்குத் தொண்ணூறு.
அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன்.

பிறகு மற்றவை வந்தன.
செயலிக்கு வாடகை.
அட்டையைத் தேய்த்தால் வங்கிக்குக் கொஞ்சம்.
விபத்துக் காப்புறுதி.
மசேநி, முதலாளி பங்கு.
முதலாளி யார் என்று சியூ லெங் கேட்டாள்.
நாம்தான் என்றேன். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது.
கொட்டிப்போன லக்சாவுக்கு ஈடு.
நள்ளிரவில் “என் மீ கோரெங் எங்கே” என்று கத்துகிறவருக்குப்
பதில் சொல்லத் தூங்காத ஒருவர்.
முதல் மாதத் தள்ளுபடி; அது இல்லாமல்
பழைய செயலியை யார் அழிப்பார்கள்?

ஒவ்வொன்றையும் கீழே எழுத எழுத
நூறு நூறாகவே இருக்க வேண்டுமே என்று
பேனா மேலே போனது.
வட்டத்துக்குள்ளே போனது.
எண்பத்தாறு.
எண்பத்திரண்டு.
வங்கியோடு பேரம் பேச முடியாது,
காப்புறுதியோடு முடியாது,
லக்சாவோடும் முடியாது.
அந்த ஒரு வரிதான் எதுவும் சொல்லாமல் இருந்தது.
எழுபத்தைந்து என்று திருத்தும்போது
என் கை நடுங்கியிருக்கலாம்.
நடுங்கவில்லை.
பதினாறு வருஷப் பழக்கம்.

எழுபத்தொன்றில் சியூ லெங்
தன் கோப்பி-ஓ கோப்பையைத் தூக்கி
அந்த வரியின்மேல் வைத்தாள்.

“கம்பெனி கொடுப்பதைவிட
ஒரு வெள்ளி அதிகம்,” என்றேன்.
யாரும் கைதட்டவில்லை.

ஒரு வெள்ளிக்கு என்ன வாங்கலாம் என்று பேசினோம்.
மழைக்கு ஒதுங்கி நிற்கப் பத்து நிமிடம், என்றான் ரஸ்லான்.
மின்தூக்கி பழுதான புளோக்கை
வேண்டாம் என்று சொல்லும் உரிமை, என்றாள் அவள்.
எனக்கு,
குறைக்கும்போது என் முகத்தைப் பார்த்துக் குறைக்கும் ஒருவர்.
சொன்ன பிறகுதான் உறைத்தது:
தொண்ணூறிலிருந்து இறங்கிவந்த வழியெங்கும்
நான் இவர்களை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்கு
மூன்று கைப்பேசிகளும் ஒன்றாக ஒலித்தன.
எனக்குப் புளோக் எழுநூற்று நாற்பத்தாறு,
பதினோராம் மாடி, நாசி லெமாக் இரண்டு.

ரஸ்லான் சீட்டை மடித்துத்
தலைக்கவசத்துக்குள் செருகிக்கொண்டான்.
முன்பக்கத்து எண்கள்
போன ஞாயிறே தோற்றவை.
பின்பக்கத்தில் காப்பிக் கறை,
எழுபத்தொன்றைச் சுற்றி
நான் போட்டதைவிடப் பெரிய வட்டம்.