எண்பத்தொன்பது

மஞ்சக்குப்பம் கம்ப்யூட்டர் சென்டரில்
டைப் அடிக்கிற பெண்
எங்கள் இருவர் வயதையும் கூட்டச் சொன்னாள்.
நாற்பத்தாறு. நாற்பத்து மூன்று.
தானே புயல் வந்த வருஷம் கல்யாணம் ஆனவர்கள்,
அதுவரை எங்களைக் கூட்டிப் பார்த்ததில்லை.
எண்பத்தொன்பது என்றதும்
இரண்டு வயதுக்குக் கீழான கட்டம்
சாம்பல் நிறமாகிவிட்டது.

"வேற வயசு சொல்லுங்க மேடம்,
பின்னாடி ஆள் நிக்குது."

நாளை வருவதாகச் சொல்லி எழுந்தோம்.

கெடிலம் பாலம்வரை தனவேல் பேசவில்லை.
பஸ்ஸுக்கு வண்டியை ஒதுக்கியபோது
திரும்பாமல் சொன்னார்:
மொத அடி எடுத்து வைக்கிறதப் பாக்கணும்னு இருந்துச்சு.
ரெண்டுலருந்து நாலு போடலாம்,
கொஞ்சம் மழலையாவது மிச்சம் இருக்கும்.

அந்த 'மிச்சம்' எனக்குப் பிடிக்கவில்லை.

பல் டாக்டரிடம் பதினாறு வருஷமாக
ட்ரே நீட்டுகிறவள் நான்.
வாயைத் திறந்தால் வயது சொல்லிவிடுவேன்.
போன வாரம் ஹோமிலிருந்து ஒருத்தி வந்தாள், ஆறு வயது.
ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே
கையுறைப் பெட்டிகளை எண்ணினாள்.
பிடுங்கிய பல்லைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தேன்.
வாங்கினாள். வார்டனைப் பார்த்தாள்.
பிறகு எங்கள் குப்பைத்தொட்டியில்
சத்தம் வராமல் போட்டாள்.

தோசைக்கல் காயும்போதுதான்
அவரிடம் இதைச் சொன்னேன்.

ஆறு வயசுன்னா அதுக்கு ஒரு பேரு இருக்குமே, என்றார்.
நாம எடுத்து வச்ச பேரு?
டைரியிலேயே இருக்கட்டும்.
நம்மளப் பிடிக்கலன்னா வாய்விட்டுச் சொல்லிடுமே?
சொல்லட்டும்.
கைக்குழந்தைக்கும் பிடிக்காமல் போகும்,
அழும்,
நாம் பசி என்று பாலைக் கரைப்போம்.

அவர் சிரிக்கவில்லை.
இரண்டாவது தோசை கருகியது.

நடந்துதான் வரும். பேசித்தான் வரும்.
மொதப் பல் முளைச்சத யாரோ பாத்திருப்பாங்க,
இல்ல யாருமே பாத்திருக்க மாட்டாங்க.
விழற பல் பாக்கி இருக்கு, என்றேன்.
எத்தனை?
இருபது. ஒண்ணு ரெண்டு போயிருந்தா பதினெட்டு.

தட்டை அப்படியே வைத்துவிட்டு
டார்ச்சோடு மாடிக்குப் போனார்.
மேலே ஏதோ இழுபடும் சத்தம்.
கடல்காற்றில் கதவு ஒருமுறை அறைந்தது.

இறங்கி வந்து கை கழுவியபடி சொன்னார்:
ஹவுசிங் போர்டுல கூரை ஏது, எல்லாம் தளம்.
பல்லு எறியணும்னா
மோட்டார் ரூம் மேல ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கு.
ஆறு வயசுக் கைக்கு எட்டாது.
தூக்கிப் பிடிச்சா எட்டும்.