வீடு போன பிறகு

எங்கள் வீடு ஒருமுறை கடலில் மிதந்தது.
இங்கே சாண்டியாகோவில் சொன்னால்
சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.
சிலோவே தீவில் அப்படித்தான்.
நிலம் கைமாறினால்
வீட்டை விட்டுவிட்டுக் கிளம்புவதில்லை,
வீட்டையும் கூட்டிக்கொண்டு கிளம்புவோம்.

பன்னிரண்டு ஜோடி எருதுகள்.
அடியில் உருளும் மரக்கட்டைகள்.
அக்கம்பக்கத்து ஆண்களின் தொண்டைகள்.
ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிக்
கம்பளிக்குள் சுற்றிவைத்தாள் அம்மா.
அடுப்பின் புகைக்குழாயை மட்டும்
எல்லாரும் மறந்துபோனோம்.
கூரைமேல் அது சாய்ந்து நின்றது,
கல்யாணத்துக்குப் போகிறவன் தொப்பி மாதிரி.

கறுப்பு நாய் நேனா
முதல் ஆளாகப் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.
அம்மா எங்கேயோ அதுதான் அவளுக்கு வீடு.
மோத்தே அந்த ரகமில்லை.
வேகவைத்த கோதுமையின் நிறம் அவன்,
பெயரும் அதனால்தான்.
கரையில் நின்றான்.
வீடு தண்ணீரில் இறங்கியதும்
ஒரே ஒரு குரைப்பு.
அப்புறம், திருடனைக் கண்டவன் போல
நிறுத்தவே இல்லை.
வளைகுடாவின் நடுவில்
எங்கள் சமையலறை தலையாட்டிக்கொண்டே போனதை
அவன் மன்னிக்கவே இல்லை.

புதுக் கரையில் அன்றிரவு
ஆப்பிள் மது, சுட்ட மட்டிகள், உருளைக்கிழங்கு,
உதவ வந்தவர்களின் வியர்வை முத்தங்கள்.
நாய்களை எண்ண யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அப்பா படகில் போய்
கயிறு கட்டிக் கூட்டிவந்தார்.
நான்காம் நாள் கயிறு மட்டும் இருந்தது.
வளைகுடாவைச் சுற்றிப் பதினெட்டு கிலோமீட்டர்,
முழங்கால் சேறு, மழை.
மறுபடி கூட்டிவந்தோம்.
மறுபடி போனான்.
நாய்க்குப் புத்தி கெட்டுவிட்டது என்றான் அண்ணன் எலாடியோ.
நமக்குத்தான் என்றாள் நொல்பெர்த்தா.
அவளுக்கு ஆறு வயது,
எதைச் சொன்னாலும் நமக்குத்தான் என்பாள்.

கடைசி முறை நானும் போனேன்.
மேட்டின்மேல் வீடு இருந்த இடம்
புல் இல்லாத ஒரு செவ்வகம்.
அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான் மோத்தே,
குறுக்கே நடக்காமல்,
மூலை வந்தால் மூலை திரும்பி.
எங்களைப் பார்த்ததும்
கதவு இருந்த இடத்துக்குப் போய் நின்று
அப்பாவை அண்ணாந்து பார்த்தான்.

அப்பாவின் பெயர் எலெயுதேரியோ பார்ரியா.
எருதிடம்கூட ஒரு சொல் அதிகம் பேசாத மனிதர்.
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு கையை நீட்டி
இல்லாத தாழ்ப்பாளைத் திறந்தார்.

மோத்தே உள்ளே போனான்.
நேராக அடுப்பு இருந்த மூலைக்கு.
தரைப்பலகைக்கு அடியில், அந்தச் சூட்டின் கீழேதான்
அவன் குளிர்காலங்களெல்லாம் கழிந்தன.
படுப்பான் என்று நினைத்தேன். தோண்டினான்.

கன்றின் முழங்கால் எலும்பு வந்தது.
எலாடியோவின் இடது கால் கம்பளியுறை.
ஒரு பொம்மையின் கை, யாருடையதோ.
அப்புறம் அம்மாவின் மரக்கரண்டி.

நான்தான் உடைத்து நெருப்பில் போட்டேன் என்று
அந்தக் கரண்டிக்காக வாங்கிய அறை
இரண்டு வருஷம் கழித்து
காதில் மறுபடி சுட்டது.
உதைக்கக் காலைத் தூக்கினேன்.
அவன் வாலை ஆட்டினான்,
ஒன்றுகூடக் குறையாமல் காத்துவைத்தவனின் வால்.

அப்பா கோணிப்பையை விரித்துப்
பொம்மைக் கை உட்பட எல்லாவற்றையும் போட்டுக்கொண்டார்.
பை படகில் ஏறியது.
பையின் பின்னால் மோத்தே,
கயிறு இல்லாமல்.

அம்மா கரண்டியை மூன்று முறை கழுவினாள்.
என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
அதே கரண்டியால் சூப்பைக் கிண்டி
முதல் கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள்.
இரண்டாவது மோத்தேக்கு.
நொல்பெர்த்தா அழுதாள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்.
அன்று படகைத் தள்ளப்போகும்போது
அப்பா மட்டும் மறுபடி மேட்டில் ஏறினார்.
கதவைச் சாத்தித்
தாழ்ப்பாள் போட்டுவிட்டு இறங்கி வந்தார்.
ஏன் என்று கேட்டேன்.
மழை வரும்போலிருக்கிறது என்றார்.